மனநலம் இழந்தோரின் தோழர் புனித இறை அருளப்பர்



ஜூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய கதையும், உழைத்த குருக்கள் கன்னியரின் நினைவும், உபகாரிகளின் பெயர்களும் அதில் இடம் பெறும். அவற்றோடு ஒரு புனிதரின் வரலாற்றைச் சேர்ப்பதும் நம் வழக்கந்தான். அந்தோணியாரையும் செபஸ்தியாரையும் சூசையப்பரையும் அறியாத வீடு நம் பங்கில் இல்லை. ஆனால், பைத்தியம் என்று பெயர் சூட்டப்பட்டு, கை கால் கட்டப்பட்டு, சாட்டையால் அடிக்கப்பட்ட ஒருவர் பீடங்களில் வைத்து வணங்கப்படும் நிலைக்கு உயர்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவரே புனித இறை அருளப்பர். அருளப்பர் என்று நம் பெரியவர்கள் சொல்லிப் பழகிய பெயரையே இன்று வாசகங்களில் யோவான் என்று கேட்கிறோம். மார்ச் 8-ஆம் நாள் திருச்சபை அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறது. மருத்துவமனைகளுக்கும், நோயாளிகளுக்கும், அவர்களைப் பராமரிக்கும் தாதியருக்கும் அவர் பாதுகாவலர்.

இந்தப் புனிதரை இந்த மலருக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள் நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் இங்கே வேலைக்கு வந்தார்கள். கடுமையான மனநோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள். அதாவது, வீட்டை விட்டு வந்து, வாடகை அறையில் தங்கி, இரவு ஷிப்ட் பார்க்கும் அதே வயதில்! நேற்று வரை நம்மோடு பஸ்ஸில் வந்த பிள்ளை, தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசி, வேலையை விட்டு, கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்தில் சடைமுடியோடு நடப்பதைக் கண்டும் காணாதவர்களாய் நாம் கடந்து போகிறோம். அப்படிப்பட்டவருக்கு மாத்திரை மட்டும் போதுமா, வேறு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் புனிதரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது.

ஓடிப்போன சிறுவன்

போர்ச்சுக்கல் நாட்டில் மொந்தெமோர் ஓ நோவோ என்னும் ஊரில் 1495-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜுவான் சிதாத். எட்டு வயதில், வீட்டுக்கு வந்த வழிப்போக்கர் ஒருவரோடு பெற்றோருக்குத் தெரியாமல் புறப்பட்டுப் போனார் என்று அவருடைய பழைய வரலாறு கூறுகிறது. ஸ்பெயின் நாட்டு ஒரொப்பேசா ஊரில் ஒரு குடும்பம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே ஆடு மேய்த்து வளர்ந்தார்.

வாலிப வயதில் பட்டாளத்தில் சேர்ந்து பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரில் நின்றார். அங்கே அவர் காவலில் இருந்த கொள்ளைப் பொருள் களவு போகவே, அவரைத் தூக்கிலிட உத்தரவாயிற்று. யாரோ பரிந்து பேசியதால் உயிர் தப்பினார். மறுபடியும் ஆடு மேய்த்தார். மறுபடியும் பட்டாளம். 1532-இல் துருக்கியரிடமிருந்து வியன்னா நகரைக் காக்கச் சென்ற படையிலும் இருந்தார்.

பல்லாண்டுகளுக்குப் பின் சொந்த ஊர் திரும்பியவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. மகனைக் காணாத துயரத்தில் தாய் விரைவிலேயே இறந்துபோனார். தந்தை பிரான்சிஸ்கு சபை மடத்தில் சேர்ந்து அங்கேயே கண்மூடினார். உறவினர் ஒருவர் இதைச் சொல்லக் கேட்ட அவர், தம்மால்தான் பெற்றோர் மாண்டனர் என்று நெஞ்சில் அறைந்து அழுதார். இந்தக் குற்ற உணர்வு அவரை விட்டு நீங்கவேயில்லை.

அதன்பின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூத்தாவுக்குச் சென்றார். நாடு கடத்தப்பட்ட ஒரு போர்ச்சுக்கல் குடும்பம் அங்கே வறுமையில் வாடியது. கோட்டை மதில் கட்டும் வேலையில் கல் சுமந்து பெற்ற கூலியால் அவர்களைக் காப்பாற்றினார். பிறகு ஜிப்ரால்ட்டர் வந்து, பக்தி நூல்களையும் புனிதர் படங்களையும் முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1538 வாக்கில் தென் ஸ்பெயினின் கிரானடா நகரில், எல்விரா வாசலருகே சிறு புத்தகக் கடை ஒன்றை வைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

செபஸ்தியார் திருநாள் அன்று

ஜனவரி 20, புனித செபஸ்தியார் திருநாள். புகழ்பெற்ற பிரசங்கியாரான அவிலா குருவானவர் அன்று கிரானடாவில் பிரசங்கம் வைத்தார். இந்தக் குருவானவருக்கு 1970-இல் புனிதர் பட்டமும், 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற சிறப்பும் வழங்கப்பட்டன. கிறிஸ்துவுக்காக அம்பு பட்டுத் துடித்த செபஸ்தியாரைப் பற்றி அவர் பேசப் பேச, கூட்டத்தில் நின்ற புத்தக வியாபாரியின் உள்ளம் உடைந்தது. கோவிலை விட்டு வெளியே வந்தவர் இரக்கம் கேட்டு ஓலமிட்டார். தலைமயிரையும் தாடியையும் பிய்த்துக்கொண்டார். தெருப் புழுதியில் புரண்டார். கடைக்கு ஓடிப் பக்தி நூல்களை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார், மற்றவற்றைக் கிழித்தெறிந்தார். உடுத்தியிருந்த துணியையும் தானம் செய்தார். சிறுவர் கூட்டம் பைத்தியம், பைத்தியம் என்று கத்தியபடி கல்லெறிந்து அவரைத் துரத்தியது.

இது உண்மையான சித்தக் கலக்கமா? அவருடைய வரலாற்றை 1585-இல் முதன்முதலாக வெளியிட்ட பிரான்சிஸ்கோ தே காஸ்திரோ என்னும் குரு, கிறிஸ்துவுக்காக அவமானப்பட விரும்பி அவர் பைத்தியம்போல் நடித்தார் என்று எழுதினார். பிற்காலத்தில் ஆராய்ந்தவர் பலர், வாழ்நாள் துயரமெல்லாம் ஒன்றாகக் கூடி அவருடைய மனம் உண்மையாகவே முறிந்தது என்று கருதுகின்றனர். எது சரியானாலும் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்த புனிதர் உண்டு. தொழுநோய் வந்த புனிதர் உண்டு. மனம் நோயுற்ற புனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அந்த நோயால் வாடும் குடும்பங்களுக்கு அதைவிட ஆறுதல் ஏது?

அரச மருத்துவமனையில்

இரக்கமுள்ள இருவர் அவரை மீட்டு அவிலா குருவானவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் பொறுமையாகக் கேட்டுத் தேற்றி அனுப்பினார். ஆயினும் கலக்கம் தணியவில்லை. கடைசியில் அவரை கிரானடாவின் அரச மருத்துவமனையில் சித்தம் கலங்கியோர் பிரிவில் சேர்த்தார்கள்.

அக்காலத்து வைத்தியம் எப்படிப்பட்டது? அடித்தால் புத்தி தெளியும் என்று நம்பினார்கள். நோயாளியின் கை கால்களைக் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றால் அடிப்பார்கள். அருளப்பரும் அந்த அடியைப் பெற்றார். தமக்கு விழுந்த அடியைவிட அருகில் கட்டப்பட்டிருந்தவர்கள் மேல் விழுந்த அடியே அவரை வாட்டியது. அவர்களுக்காக வாய் திறந்து காவலரைக் கண்டித்தார். அதற்காக மேலும் அடி வாங்கினார். இவர்களை என் மனம்போல் பராமரிக்க எனக்கு ஓர் இல்லம் தாரும் என்று அங்கேதான் இறைவனிடம் மன்றாடினார்.

துடைப்பமே மருந்து

இங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அவிலா குருவானவர் அவரை மறக்கவில்லை. தூதனுப்பி நலம் விசாரித்தார். இனி பிறருக்குப் பணி செய்வதிலே மனத்தைச் செலுத்துமாறு அறிவுரை சொன்னார். அருளப்பர் அமைதியடைந்தார். பொறுப்பாளர் கட்டை அவிழ்த்து, உள்ளே நடமாட அனுமதித்தார். உடனே, யாரும் ஏவாமலே அவர் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். தரையைப் பெருக்கினார், பாத்திரம் கழுவினார், கழிப்பிடம் சுத்தம் செய்தார், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்தார். நாள் செல்லச் செல்ல அவர் முகம் தெளிந்தது. நேற்றுக் கட்டுண்டு கிடந்தவர் இன்று அந்த வீட்டுக்கே வேண்டியவர் ஆனார்!

ஒருவர் தேடி வந்து விசாரித்தது, கட்டு அவிழ்ந்தது, கைக்கு ஒரு வேலை கிடைத்தது. இம்மூன்றுமே அவரை எழுப்பி நிறுத்தின. 1539 மே மாதம் சக்கரவர்த்தினி இசபெல்லாவின் உடல் நல்லடக்கத்துக்காகக் கிரானடாவுக்குக் கொண்டு வரப்பட்டபோது, அவர் மருத்துவமனை வாசலில் நின்று அதைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பின் சில நாட்களிலேயே விடை பெற்று வெளியேறினார்.

முதல் நாள் வெட்கம்

வெளியே வந்தவர் குவாதலூப்பே மாதா திருத்தலத்துக்குக் கால்நடையாகத் திருயாத்திரை சென்று திரும்பினார். பிழைப்புக்கு என்ன வழி? மலையில் விறகு வெட்டிச் சந்தையில் விற்கத் தீர்மானித்தார். முதல் நாள் விறகுக் கட்டோடு நகர வாசல் வரை வந்தார். அதற்கு மேல் கால் எழவில்லை. பைத்தியக்காரன் விறகு விற்கிறான் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம்! விறகை அங்கிருந்த ஏழை விதவை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சந்தை நடுவிலேயே கட்டை இறக்கினார். கேலி செய்தவர்களோடு தாமும் சேர்ந்து சிரித்தார், விறகும் விற்றது.

மனநல மருத்துவமனையிலிருந்து குணமாகி வருகிற ஒவ்வொருவரும் கடக்க வேண்டிய வாசல் இது. நோயைவிட இந்த முதல் நாள் வெட்கமே பலரை மறுபடியும் வீட்டு மூலைக்குள் தள்ளிவிடுகிறது. வாசலில் நிற்பவரைக் கண்டு நாம் சிரிக்கப் போகிறோமா, விறகை விலைக்கு வாங்கப் போகிறோமா என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

தம் சொந்த இல்லம்

விறகு விற்ற காசில் உணவு வாங்கி, தெருவில் கிடந்த ஏழைகளோடு பகிர்ந்துகொண்டார். பிறகு உபகாரிகளின் உதவியால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பாயும் கம்பளியும் போட்டு, நோயாளிகளைத் தோளில் சுமந்துவந்து கிடத்தினார். இடம் போதாமல் போகவே, கோமேரஸ் என்னும் ஏற்றத் தெருவிலிருந்த பெரிய வீட்டுக்கு மாறினார். அவர் எழுதிய கடிதங்களில் ஆறு இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றில், தம் இல்லத்தில் 110-க்கும் மேற்பட்டோர் இருப்பதாகக் குறிப்பிடுகிறார். முடவர், தொழுநோயாளர், ஊமையர், திமிர்வாதக்காரர், முதியோர், குழந்தைகள் என்று அடுக்கும் அந்தப் பட்டியலில் சித்தம் கலங்கியோரையும் சேர்த்திருக்கிறார். தாம் எங்கிருந்து வந்தார் என்பதை அவர் மறக்கவில்லை.

இரவு வந்தால் முதுகில் கூடை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட இரண்டு பானைகள். மழையோ பனியோ, தெருத் தெருவாகச் செல்வார். மற்றவர்கள் தருமம் செய்யுங்கள் என்று கேட்பார்கள். இவரோ, தருமம் செய்து உங்களுக்கே நன்மை செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் கூவுவார். கொடுப்பவனே பெறுகிறான் என்பது அவர் கருத்து. இத்தாலியில் இன்றும் அவருடைய சபையினரின் பெயர் அந்தக் கூவலிலிருந்து வந்ததே.

துய் மறைமாவட்ட ஆயர் ஒருநாள் அவரை அழைத்து, இனி இறை அருளப்பர் என்றே உமக்குப் பெயராகட்டும் என்று சொல்லி, ஓர் எளிய அங்கியையும் உடுத்தினார். எந்த உடை கொடுத்தாலும் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு அவன் கந்தலை அணிந்து வருவார் என்பதால், அங்கியை மாற்றக் கூடாது என்ற கட்டளையும் அதோடு சேர்ந்து வந்தது!

அவருக்குக் கிடைத்த முதல் தோழர்களைப் பாருங்கள். அந்தோன் மார்த்தின் என்பவர் தம் சகோதரனைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித் தரவே கிரானடாவுக்கு வந்தவர். பேதுரு வெலாஸ்கோ என்பவர் அந்தக் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். அருளப்பர் இருவரையும் சமாதானப்படுத்தினார். இருவரும் சேர்ந்தே அவருடைய இல்லத்துக்கு வந்து, ஒரே கூரையின் கீழ் நோயாளிகளுக்குப் பணி செய்தார்கள்.

தீயின் நடுவே

1549-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கிரானடாவின் அரச மருத்துவமனையில் தீப் பற்றியது. ஆம், எந்த இடத்தில் அவரைக் கட்டி வைத்து அடித்தார்களோ, அதே இடம்! ஊரார் வெளியே நின்று கூக்குரலிட, அருளப்பர் உள்ளே பாய்ந்தார். ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சன்னல்களைத் திறந்து கட்டில் கம்பளிகளை வீசினார். பிறகு கோடரியோடு கூரைமேல் ஏறி, தீ பரவாமல் மரங்களை வெட்டினார். நெருப்பு அவரைச் சூழ்ந்துகொண்டது. இறந்தார் என்றே எண்ணினார்கள். புகையின் நடுவிலிருந்து, புருவம் மட்டும் கருகியவராக அவர் வெளியே வந்தார்.

இதைப் படிக்கும்போது நம் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை நினையாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் தீப் பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். கட்டை அவிழ்க்க அங்கே ஓர் அருளப்பர் இல்லை. இதை வேறு யாருடைய குற்றமோ என்று நாம் ஒதுக்க வேண்டாம். பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று சொல்லி, நம் பிள்ளைகளையும் நம் திருத்தலங்களில் கட்டி வைத்தவர்கள் நாமுந்தான்.

கடன் ஏட்டோடு ஒரு மரணம்

இல்லத்தை நடத்தப் பணம் போதவில்லை. 1548-இல் அரச குடும்பத்தாரிடம் உதவி கேட்க வல்லதோலித் நகருக்கு நடந்தே சென்றார். கிடைத்ததில் பெரும் பகுதியை அந்நகரத்து ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, கடனோடு போனவர் கடனோடே திரும்பினார்!

1550-இன் தொடக்கத்தில் ஜெனில் ஆற்றில் வெள்ளம். வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்களை ஏழைகளின் குளிர் காய்தலுக்காகப் பிடிக்கப் போனார். அங்கே தண்ணீரில் தவறி விழுந்த சிறுவன் ஒருவனைக் காப்பாற்றக் குதித்தார். ஏற்கெனவே தளர்ந்திருந்த உடல் அந்தக் குளிரைத் தாங்கவில்லை. படுக்கையில் விழுந்தார். பேராயர் பேதுரு குவெரேரோ அவரைப் பார்க்க வந்தார். சாகும் தறுவாயிலும் அருளப்பரின் கவலை இரண்டு: தம் நோயாளிகள், தம் கடன்காரர்கள். கடன் விவரத்தைப் பேராயரிடம் ஒப்படைத்தார். இரண்டையும் தாம் ஏற்பதாகப் பேராயர் வாக்களித்தார். 1550 மார்ச் 8-ஆம் நாள், முழங்காலில் நின்றபடியே அவருடைய உயிர் பிரிந்தது. பைத்தியம் என்று கல்லெறிந்த அதே நகரம் திரண்டு வந்து அவரை அடக்கம் செய்தது.

1572-இல் ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் அவருடைய தோழர்களைத் துறவற சபையாக ஏற்றார். 1690-இல் அருளப்பருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, நோயாளிகளுக்கு விருந்தோம்பல் செய்வோம் என்ற நான்காம் வார்த்தைப்பாட்டையும் அச்சபையினர் கொடுக்கின்றனர். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவர்கள் பணி புரிகிறார்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கட்டப்பனைக்கு 1969-இல் ஜெர்மனியிலிருந்து சகோதரர் பொர்த்துனாத்துஸ் வந்து, மருத்துவமனையும் கைவிடப்பட்டோருக்கான இல்லமும் அமைத்தார்.

நம் நாட்டில்

அருளப்பர் தம் உடம்பால் கற்ற பாடத்தை மருத்துவ உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. மருந்து அவசியம், அதில் ஐயமே வேண்டாம். குரல்கள் கேட்பதையும், வீண் பயங்களையும், உறக்கமின்மையையும் மருந்து பலருக்குத் தணிக்கிறது. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்புகிறது. மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே ஏற்படுத்தினார் என்ற பொருளில் சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம் போதிப்பதை நாம் அறிவோம். ஆகவே செபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆனால், குரல்கள் அடங்கிய பிறகு என்ன? வேலை போயிருக்கும். குளிப்பது, சமைப்பது, காசு எண்ணுவது போன்ற பழக்கங்களும் போயிருக்கும். வீட்டாரும் களைத்திருப்பார்கள். இந்த இடத்தில்தான் மறுவாழ்வு இல்லம் தேவைப்படுகிறது. அங்கே நேரத்தோடு எழுவதும், மாத்திரை சாப்பிடுவதும், சமையலில் கை கொடுப்பதும், கடைக்குப் போய் வருவதும் மறுபடியும் பழக்கமாகின்றன. தினம் இரண்டு மணி நேர வேலையில் தொடங்கி, மெல்ல மெல்ல முழு நாள் வேலைக்கு வருகிறார்கள். வேலைக்குக் கூலி உண்டு. கூலி அவர் பெயரிலேயே சேர்கிறது.

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் நோயாளிகள் தொழில் செய்து பழகும் கூடம் உண்டு. அங்கே அவர்கள் சுடும் ரொட்டி பலர் அறிந்தது. அந்த மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வுக்குப் பின் 1984-இல் ஸ்கார்ப் நிறுவனத்தைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக உழைத்து, 2021-இல் மறைந்தார். 1993-இல் சென்னையில் இரு இளம் பெண்கள் தொடங்கிய பானியன் அமைப்பு, தெருவில் அலைந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. 2015 முதல் அவ்வமைப்பு, வீடு திரும்ப முடியாதவர்களுக்காகச் சாதாரணத் தெருக்களில் வீடு வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து குடும்பம்போல் வாழ வைக்கிறது. துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். மதில் சூழ்ந்த பெரிய விடுதியைவிட, பக்கத்து வீட்டாரும் மளிகைக் கடையும் உள்ள தெருவே மனத்தைத் தேற்றுகிறது.

சட்டமும் மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். சமுதாயத்தின் நடுவே வாழ அவருக்கு உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் நூற்றுக்கு ஐந்து பேராவது மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்துக்கொள்ள அரசு ஊக்கம் தர வேண்டும் என்றும் அது கூறுகிறது.

நம் பங்கில்

தொழிற்சாலைகளின் நடுவே ஆண்டவர் நம்மை வைத்திருப்பது வீணுக்கல்ல. மற்ற ஊர்களில் வேலை இல்லை என்று சொல்லலாம். நம் ஊரில் அப்படிச் சொல்ல முடியுமா? நம் பங்கு மக்களில் சூப்பர்வைசர்கள் உண்டு. கான்டீன் எடுத்து நடத்துவோர் உண்டு. ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்டிராக்டர்கள் உண்டு. தையல் கடையும் பெட்டிக்கடையும் வைத்திருப்போர் உண்டு. காய்கறி நறுக்க, தோட்டத்துக்கு நீர் விட, சாமான் கட்ட, சீருடை தைக்க ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ள நம்மால் முடியும். இரவு ஷிப்ட் வேண்டாம், பகல் வேலை மட்டும் கொடுங்கள். தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும். மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்புக் கொடுங்கள். நீண்ட காலம் பயிற்சி கொடுத்துக் காத்திருப்பதைவிட, உண்மையான வேலையில் சேர்த்து, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைப்பதே அதிகம் பலன் தருகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன.

வின்சென்ட் தே பவுல் சபையாரும், மரியாயின் சேனையாரும், அன்பியங்களும் வீடு சந்திக்கச் செல்கிறார்கள். அப்போது உள்ளறையில் பூட்டி வைத்திருக்கும் அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். தங்கைக்கு வரன் அமையாதே என்று மகனை மறைத்து வைக்கும் தாயின் கஷ்டம் நமக்குத் தெரியாதது அல்ல. நாம் ஊரெல்லாம் பேசமாட்டோம் என்ற உறுதி இருந்தால் அவள் கதவைத் திறப்பாள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். கூட ஒருவர் வந்தால் போதும் என்று காத்திருப்போர் பலர். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.

ஜூபிலி என்பதன் பொருள் என்ன? பழைய ஏற்பாட்டில், ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். அடிமைப்பட்டவன் கட்டு நீங்கித் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். அதுதான் ஜூபிலி. கொடியேற்றமும், தேர்பவனியும், விருந்தும் நடக்கட்டும். அவற்றோடு, நம் பங்கின் எல்லைக்குள் கட்டுண்டு கிடக்கும் ஒரே ஒருவராவது கட்டு நீங்கி, ஒரு பாயும், ஒரு வேலையும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மனிதரும் பெற்று நம் நடுவே வந்து உட்கார்ந்தால், அந்நாளே நமக்கு மெய்யான ஜூபிலி.

புனித இறை அருளப்பரே, மனம் நொந்து வாடும் எங்கள் பிள்ளைகளுக்காகவும், அவர்களைச் சுமந்து களைத்த பெற்றோருக்காகவும், கதவைத் திறக்கத் தயங்கும் எங்களுக்காகவும் மன்றாடும். ஆமென்.